சிகிச்சை முடிந்தது, கண்காணிப்பு முடியவில்லை

வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை பெற்றுக் குணமடைந்த ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். சிகிச்சை முடிந்து எட்டு ஆண்டுகள் கழிந்துவிட்டன. கிளினிக்குக்குச் செல்வதை அவர் எப்போதோ நிறுத்திவிட்டார். ஒரு நாள் கீழ்த்தாடையின் கடைவாய்ப் பல் வலிக்கிறது. அருகிலுள்ள பல் வைத்தியரிடம் செல்கிறார். பல் முற்றாகச் சூத்தையடைந்திருப்பதைக் கண்ட வைத்தியர் அதனைப் பிடுங்கிவிடுகிறார். ஓரிரு வாரங்களில் ஆறவேண்டிய புண் ஒரு மாதமாகியும் ஆறவில்லை. மூன்றாவது மாதத்தில் முரசின் ஊடாகத் தாடையெலும்பு வெளியே தெரிகிறது.

பழைய புற்றுநோய் திரும்பிவிட்டதென்று அவரும் குடும்பத்தவரும் அஞ்சி நடுங்குகின்றனர். பரிசோதனையில் புற்றுநோய் எதுவுமில்லை. இறந்திருப்பது எலும்பு. எட்டு ஆண்டுகளுக்கு முன்னர் அவரது உயிரைக் காப்பாற்றிய அதே கதிர்தான் அந்த எலும்பின் குருதி ஓட்டத்தையும் குறைத்து வைத்திருந்தது. பல் பிடுங்கப்பட்டபோது ஏற்பட்ட காயத்தை ஆற்றும் வலிமை அதற்கு இருக்கவில்லை. தாம் கதிர்ச் சிகிச்சை பெற்றவர் என்பதை அவர் சொல்லவில்லை, வைத்தியரும் கேட்கவில்லை.

இது கற்பனை மனிதரின் கதையாயினும் கற்பனை நோயன்று. புற்றுநோய் மருத்துவத்தில் நன்கு அறியப்பட்ட ஒரு பின்விளைவே இது. இலங்கை ஆண்களிடையே அதிகமாகக் காணப்படும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்னிலையில் இருக்கின்றது. வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் சேர்த்து மெல்லும் பழக்கமே இதற்குப் பிரதான காரணம். புகையிலை சேராத வெற்றிலை, பாக்குக் கலவையும் கூடப் புற்றுநோயை உண்டாக்குவதே எனச் சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகத்தின் நிபுணர் குழு 2003 ஆம் ஆண்டில் முடிவுசெய்தது. ஆகவே, இந்நோயிலிருந்து மீண்டவர்கள் எமது கிராமங்களிலும் நகரங்களிலும் கணிசமாக வாழ்கின்றனர். அவர்களுக்கு நோயைப் பற்றிச் சொல்லப்பட்ட அளவுக்குச் சிகிச்சையின் நீண்டகால விளைவுகளைப் பற்றிச் சொல்லப்பட்டிருக்கின்றதா என்பதே எமது கேள்வி.

ஆயினும் ஒன்றை முதலிலேயே அழுத்திக் கூறவேண்டும். இக்கட்டுரை எவரையும் சிகிச்சையிலிருந்து விலக்குவதற்காக எழுதப்படவில்லை. சிகிச்சை பெறாத புற்றுநோய் உயிரைக் கொள்ளும். பின்விளைவுகளோ பெரும்பாலானவை முன்கூட்டியே அறியக்கூடியவை, பல தடுக்கக்கூடியவை. ஆனால் அறிந்தவனால்தான் தடுக்க முடியும்.

உடனடி விளைவும் பிந்திய விளைவும்

1895 ஆம் ஆண்டில் றொன்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்த சில மாதங்களிலேயே வைத்தியர்கள் அதனைக் கட்டிகளின் மீது பிரயோகிக்கத் தொடங்கிவிட்டனர். அக்கதிர் நல்ல இழையத்தையும் அழிக்கும் என்பதும் மிக விரைவிலேயே தெரியவந்தது. எடிசனின் ஆய்வுகூடத்தில் எக்ஸ் கதிருடன் பணியாற்றிய கிளாரன்ஸ் டலி என்பவர் கைகளை இழந்து 1904 இல் மரணமானார். கதிரியக்கத் துறையின் முன்னோடியான மேரி கியூரி 1934 இல் என்பு மச்சை செயலிழந்த நிலையில் உயிர்நீத்தார்.

கதிரானது கலங்களின் டி.என்.ஏ.யை உடைக்கின்றது. புற்றுநோய்க் கலங்களுக்கு அந்த உடைவைச் சரிசெய்யும் ஆற்றல் பொதுவாகக் குறைவு. நல்ல கலங்களுக்கு அது அதிகம். இந்த வேறுபாட்டைப் பயன்படுத்தியே முழு அளவையும் ஒரே தடவையில் கொடுக்காது சிறு சிறு பங்குகளாகப் பிரித்துக் கொடுக்கும் முறை உருவாயிற்று. 1920 களில் பாரிஸ் நகரில் குளோட் றெகோ என்பவரும் அவரது சகாக்களும் இதற்கு அடித்தளமிட்டனர். இன்றும் வாய், தொண்டைப் புற்றுநோய்களுக்கு வழமையாக வாரத்தில் ஐந்து நாட்கள் வீதம் ஆறு அல்லது ஏழு வாரங்களுக்கு, நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 கிறே என்ற கணக்கில் மொத்தமாக 60 முதல் 70 கிறே வரை கொடுக்கப்படுகின்றது. பொதுமக்கள் 'கரண்ட் பிடித்தல்' என்று சொல்வது இதனையே.

இக்காலத்தில் நோயாளி படும் துன்பங்களை அனைவரும் அறிவர். வாய் வெந்து புண்ணாகும், தோல் கறுக்கும், உணவை விழுங்க முடியாது போகும். இரசாயன மருந்து பெறுவோருக்குத் தலைமுடி உதிரும், வாந்தி வரும், வெண்குருதிக் கலங்கள் குறையும். வேகமாகப் பிரிந்து பெருகும் கலங்கள் முதலில் தாக்கப்படுவதால் தோன்றும் இவ்விளைவுகள், அக்கலங்கள் மீண்டும் பெருகியதும் பெரும்பாலும் மறைந்துவிடுகின்றன. முடி வளர்கிறது, பசி திரும்புகிறது, உறவினர்கள் ஆறுதலடைகின்றனர்.

பிந்திய விளைவுகளின் இயல்பு வேறு. அவை மெதுவாகப் பிரியும் கலங்களிலும், ஏறக்குறையப் பிரியாத கலங்களிலும் தோன்றுகின்றன. நுண்ணிய குருதிக்குழாய்களின் உட்சுவர் தடித்து அடைபடுகின்றது. மென்மையான இழையம் தழும்பு போன்று இறுகுகின்றது. இதயத் தசை, நரம்பு, உட்காது, சிறுநீரகம் ஆகியவற்றில் இழந்த கலங்களுக்கு ஈடாகப் புதியன தோன்றுவது அரிது. இவை மாதங்களுக்குப் பின்னரோ, ஐந்து, பத்து, இருபது ஆண்டுகளுக்குப் பின்னரோ வெளிப்படலாம். அதற்குள் நோயாளி தாம் நோயாளி என்பதையே மறந்திருப்பார். சிகிச்சையளித்த வைத்தியர் ஓய்வுபெற்றிருப்பார்.

உமிழ்நீர் வற்றிய வாய்

ஆரோக்கியமான மனிதருக்கு நாளொன்றுக்கு அரை லீற்றர் முதல் ஒன்றரை லீற்றர் வரை உமிழ்நீர் சுரக்கின்றது. அது உணவை நனைப்பதற்கு மாத்திரம் உரியதன்று. வாயிலுள்ள அமிலத்தைத் தணிப்பதும், பல்லின் மேற்படைக்குக் கனியுப்புகளை மீள வழங்குவதும், கிருமிகளைக் கட்டுப்படுத்துவதும் அதுவே. உமிழ்நீர்ச் சுரப்பிகள் கதிரினால் எளிதில் பாதிக்கப்படுபவை. அவை வற்றினால் உலர்ந்த உணவை விழுங்க முடியாது; இரவில் தண்ணீர்ப் போத்தலின்றி உறங்க முடியாது; சுவை குன்றும். இவற்றை விடவும் முக்கியமானது, பற்கள் முரசுடன் சேரும் கழுத்துப் பகுதியில் வேகமாகச் சூத்தை பிடிக்கத் தொடங்குவதாகும். வாழ்நாள் முழுவதும் நல்ல பற்களுடன் இருந்தவர்கூட இரண்டொரு ஆண்டுகளில் பல பற்களை இழக்க நேரிடலாம்.

இங்குதான் தொடக்கத்தில் கூறிய ஆபத்து காத்திருக்கின்றது. கீழ்த்தாடையெலும்பு இயல்பாகவே அடர்த்தியானது. மேல்தாடையை விடக் குருதி ஓட்டம் குறைந்தது. ஏறத்தாழ 60 கிறேக்கு மேற்பட்ட கதிரைப் பெற்ற கீழ்த்தாடையில் பல் பிடுங்கப்படும்போது எலும்பு இறந்துபடும் வாய்ப்பு அதிகரிக்கின்றது. இது எல்லோருக்கும் வருவதில்லை. சிறு பகுதியினருக்கே வருகின்றது. ஆயினும் அந்த ஆபத்து சில ஆண்டுகளில் முற்றாக அகன்றுவிடுவதில்லை. வாழ்நாள் முழுவதும் தொடர்கின்றது.

தடுப்பதற்கான வழிகள் எளியவை. கதிர்ச் சிகிச்சை தொடங்குவதற்கு முன்னரே பல் வைத்தியரிடம் காட்டி, காப்பாற்ற முடியாத பற்களை இரண்டு அல்லது மூன்று வாரங்கள் முன்கூட்டியே அகற்றிப் புண்ணை ஆறவிட வேண்டும். சிகிச்சைக்குப் பின்னர் புளோரைட் கலந்த பற்பசையினால் தவறாது பல் துலக்குவதும், வைத்தியர் பரிந்துரைத்தால் செறிவு கூடிய புளோரைட்டைப் பயன்படுத்துவதும், ஆறு மாதத்துக்கு ஒரு தடவையேனும் பற்பரிசோதனை செய்துகொள்வதும் அவசியம். இனிப்புத் தேநீரை அடிக்கடி அருந்தி வாயை நனைக்கும் வழக்கம் பற்களுக்குக் கேடு. வெறும் தண்ணீரே போதுமானது. பல்லைப் பிடுங்கியே ஆகவேண்டுமெனில் வாய், தாடை, முகச் சத்திரசிகிச்சை நிபுணரின் ஆலோசனையுடன் அதனைச் செய்யவேண்டும்.

தாடையை அசைக்கும் தசைகள் இறுகி வாய் போதியளவு திறக்க முடியாது போவது இன்னொரு விளைவு. சிகிச்சைக் காலத்திலேயே தொடங்கித் தினமும் செய்யப்படும் வாய்ப் பயிற்சி இதனைப் பெருமளவு குறைக்கும். கழுத்தில் கதிர் பட்டவர்களுக்குச் சில ஆண்டுகளில் தைரொயிட் சுரப்பி மந்தமடையலாம். களைப்பு, உடல் பருத்தல், குளிர் தாங்காமை, மலச்சிக்கல், மனச்சோர்வு ஆகியவற்றை வயதின் கோளாறு என்று பலரும் விட்டுவிடுகின்றனர். ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்கு ஒருமுறை செய்யப்படும் ஒரு குருதிப் பரிசோதனையால் இதைக் கண்டறியலாம். தினமும் ஒரு மாத்திரையால் சரிசெய்யலாம்.

நோன்பு, விரதம் பற்றியும் ஒரு வார்த்தை. உமிழ்நீர் வற்றியவருக்குப் பகல் முழுவதும் தண்ணீரின்றி இருப்பது மற்றவர்களுக்கு இருப்பதைப் போன்றதன்று. நோயுற்றவர்களுக்கு இஸ்லாம் நோன்பில் சலுகை வழங்கியுள்ளது என்பதை முஸ்லிம் வாசகர்கள் நன்கறிவர். கந்தசஷ்டி போன்ற விரதங்களை அனுட்டிப்போருக்கும் இது பொருந்தும். 'நோய்தான் மாறிவிட்டதே' என்று எண்ணித் தம்மை வருத்திக்கொள்ளாது, வைத்தியரிடமும் தத்தம் மார்க்க அறிஞர்களிடமும் கேட்டு முடிவெடுப்பதே நன்று.

இதயமும் செவியும் நரம்பும்

இந்நாட்டுப் பெண்களிடையே முதலிடம் வகிப்பது மார்பகப் புற்றுநோய். இடது மார்பகத்துக்குக் கதிர் கொடுக்கும்போது அதன் பின்னாலுள்ள இதயத்துக்கும் ஒரு சிறு பங்கு சென்றடைகின்றது. சுவீடனிலும் டென்மார்க்கிலும் 1958 முதல் 2001 வரை சிகிச்சை பெற்ற 2,168 பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2013 இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, இதயம் சராசரியாகப் பெற்ற ஒவ்வொரு கிறேக்கும் மாரடைப்புப் போன்ற பாரிய இதயநோய் நிகழ்வுகளின் வாய்ப்பு 7.4 சதவீதத்தால் கூடுவதாகக் காட்டியது. இவ்வதிகரிப்பு முதல் ஐந்து ஆண்டுகளுக்குள்ளேயே ஆரம்பித்து மூன்றாவது தசாப்தத்திலும் நீடித்தது. இத்தகைய ஆய்வுகளின் பயனாக, மூச்சை உள்ளிழுத்து அடக்கி இதயத்தை மார்புச் சுவரிலிருந்து விலக்கிவைத்துக் கதிர் கொடுப்பது போன்ற உத்திகள் இன்று கையாளப்படுகின்றன. ஏற்கனவே சிகிச்சை பெற்றவர்கள் செய்யவேண்டியது, குருதி அழுத்தத்தையும் கொழுப்பையும் சர்க்கரையையும் ஏனையோரை விடக் கவனமாகக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பதாகும். அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்டவர்கள் அப்பக்கக் கையில் வீக்கம் ஏற்படுகின்றதா என்பதையும், சிறு காயமேனும் கிருமித்தொற்றாக மாறுகின்றதா என்பதையும் அவதானிக்க வேண்டும்.

மருந்துகளுக்கும் இது பொருந்தும். சிவப்பு நிறமான டொக்ஸோரூபிசின் என்ற மருந்து மார்பகப் புற்றுநோய்க்கும் குருதிப் புற்றுநோய்க்கும் பெரிதும் பயன்படுவது. அது இதயத் தசையைப் பலவீனப்படுத்தக்கூடியது. வாழ்நாளில் பெறும் மொத்த அளவு கூடக்கூட ஆபத்தும் கூடும். ஆகையினால் ஒருவர் எவ்வளவு பெற்றார் என்ற கணக்கு பல ஆண்டுகளுக்குப் பின்னரும் தேவைப்படும். சிஸ்பிளாட்டின் என்ற மருந்து சிறுநீரகத்தையும் உட்காதையும் தாக்கும். முதலில் உயர் சுருதி ஒலிகளே கேளாமற் போகின்றன. உட்காதின் உணர்கலங்கள் மீள வளராததால் அவ்விழப்பு நிரந்தரமானது. எமது வீட்டு முற்றங்களில் பூத்துக் குலுங்கும் நித்தியகல்யாணியிலிருந்து பெறப்படும் வின்கிறிஸ்டின் குழந்தைகளின் குருதிப் புற்றுநோயை வெல்ல உதவிய மருந்து. அதுவே கைகால் நரம்புகளைத் தாக்கி விறைப்பையும் நடைத் தளர்ச்சியையும் தரவல்லது. இது பெரும்பாலும் காலப்போக்கில் குறைந்துவிடும். அண்மைக் காலத்தில் வந்துள்ள நோயெதிர்ப்புச் சிகிச்சை மருந்துகளும் சிலரது ஓமோன் சுரப்பிகளை நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்கின்றன.

குழந்தைகள் தந்த பாடம்

நீண்டகால விளைவுகளைப் பற்றி உலகம் இன்று அறிந்துள்ளவற்றிற் பெரும்பகுதி, குழந்தைப் பருவத்தில் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களிடம் கற்றதாகும். நோயைக் குணமாக்குவது மட்டும் போதாது என்ற கருத்தை அமெரிக்க வைத்தியர் ஜூலியோ டான்ஜியோ 1975 ஆம் ஆண்டிலேயே முன்வைத்தார். பின்னர் அமெரிக்காவிலும் கனடாவிலும் 1970 முதல் 1986 வரை நோய் கண்டறியப்பட்டு உயிர் தப்பிய சிறுவர்கள் வளர்ந்த பின்னர் அவர்களில் 10,397 பேரின் உடல்நிலை ஆராயப்பட்டது. 2006 இல் வெளியான முடிவு அதிர்ச்சி தருவதாக அமைந்தது. அவர்களில் 62.3 சதவீதமானோர் குறைந்தது ஒரு நாட்பட்ட நோயைக் கொண்டிருந்தனர், 27.5 சதவீதமானோரின் நிலை கடுமையானதாகவோ உயிராபத்தானதாகவோ இருந்தது.

இந்த அறிவு வீண்போகவில்லை. குருதிப் புற்றுநோயுள்ள சிறுவர்களின் மூளைக்குக் கதிர் கொடுப்பது கற்றல் ஆற்றலையும் உடல் வளர்ச்சியையும் பாதிக்கின்றது என்று தெரிந்ததும், முள்ளந்தண்டுத் திரவத்தில் மருந்து செலுத்தும் முறை பெரும்பாலும் அதன் இடத்தைப் பிடித்தது. இளவயதில் மார்புக்குக் கதிர் பெற்ற பெண்களுக்குப் பிற்காலத்தில் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகமென்று தெரிந்ததும், கதிரின் அளவும் பரப்பும் குறைக்கப்பட்டன. 25 வயதிலிருந்து அல்லது சிகிச்சை முடிந்து எட்டு ஆண்டுகளிலிருந்து, இவற்றில் பிந்தியதைக் கொண்டு, வருடாந்தப் பரிசோதனை விதந்துரைக்கப்பட்டது. விளைவு என்ன? 34,033 பேரைக் கொண்டு 2016 இல் வெளியான ஆய்வின்படி, நோய் கண்டறியப்பட்டு ஐந்து ஆண்டுகள் உயிர் வாழ்ந்தோரிடையே அடுத்த பதினைந்து ஆண்டுகால மரண வீதம், 1970 களின் முற்பகுதியில் சிகிச்சை பெற்றோரில் 12.4 சதவீதமாக இருந்து 1990 களில் சிகிச்சை பெற்றோரில் 6.0 சதவீதமாக வீழ்ந்திருந்தது. வாய்ப் புற்றுநோயாளர் விடயத்திலும் அவ்வாறே. உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தவிர்த்துக் கதிரைச் செலுத்தும் நவீன முறையை ஆராய்ந்த பிரித்தானிய ஆய்வொன்றில், ஓராண்டின் பின் குறிப்பிடத்தக்க வாய் வறட்சியுடன் இருந்தோரின் வீதம் 74 இலிருந்து 38 ஆகக் குறைந்திருந்தது. பின்விளைவுகளைப் பதிவுசெய்தவர்களே பின்விளைவுகளைக் குறைத்தார்கள் என்பது இங்கு கவனிக்கத்தக்கது.

மறைப்பதனால் வரும் கேடு

எமது சமூகங்களில் இன்னொரு தடை இருக்கின்றது. சிறுவயதில் புற்றுநோய் வந்து குணமடைந்த பெண் பிள்ளையின் கதையைக் குடும்பங்கள் மறைத்துவிடுகின்றன. திருமணப் பேச்சு குழம்பிவிடும் என்ற அச்சமே காரணம். அந்த அச்சத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. அதனை உண்டாக்கியது சமூகமே. ஆனால் மறைத்தலின் பலனை அப்பெண்ணே அனுபவிக்க நேரிடுகின்றது. டொக்ஸோரூபிசின் பெற்ற இதயம் சாதாரண நாட்களில் எக்குறையுமின்றி இயங்கலாம். கர்ப்ப காலத்தில் குருதியின் அளவு கூடி இதயத்தின் வேலை அதிகரிக்கும்போதே அதன் பலவீனம் வெளிப்படலாம். கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கில் இத்தகவல் தெரிவிக்கப்பட்டிருந்தால் ஓர் 'எக்கோ' பரிசோதனையுடன் முன்னெச்சரிக்கையாக இருக்க முடியும். மறைக்கப்பட்டிருந்தால் தாயும் சேயும் ஆபத்துக்குள்ளாகின்றனர். கணவன் வீட்டாருக்குச் சொல்வதா என்பது குடும்பத்தின் முடிவு. வைத்தியரிடம் சொல்லாதிருப்பது ஒருபோதும் தகாது. பிள்ளைப்பேறு பற்றிய கேள்வியையும் வெட்கத்தினால் ஒத்திவைக்கக் கூடாது. இளைஞர்களின் விந்தணுக்களை உறையவைத்துப் பாதுகாப்பது சிகிச்சை தொடங்குவதற்கு முன்னரே செய்யவேண்டிய காரியமாகும்.

ஒரு தாளின் பெறுமதி

மேற்கூறிய அனைத்தும் ஒரு கேள்வியில் வந்து முடிகின்றன: இவருக்கு என்ன சிகிச்சை, எவ்விடத்தில், எவ்வளவு கொடுக்கப்பட்டது? பதில் தெரிந்திருந்தால் பல் வைத்தியரும் மகப்பேற்று நிபுணரும் குடும்ப வைத்தியரும் சரியாகச் செயற்பட முடியும். சிகிச்சை முடிந்து செல்லும் ஒவ்வொருவருக்கும் இத்தகைய சுருக்கமும் எதிர்காலக் கண்காணிப்புத் திட்டமும் எழுத்தில் வழங்கப்படவேண்டுமென அமெரிக்க மருத்துவ நிறுவகம் 2005 இல் வெளியிட்ட அறிக்கை வலியுறுத்தியது.

எமது மக்களுக்கு இது மேலும் அவசியம். வடக்கு கிழக்கிலிருந்து பலரும் நெடுங்காலமாக மஹரகம வைத்தியசாலைக்குச் சென்றே சிகிச்சை பெற்று வந்தனர். 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து திரட்டப்பட்ட நிதியின் பயனாகத் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்த பின்னர் நிலைமை மேம்பட்டுள்ளது. ஆயினும் பழைய நோயாளரின் பதிவுகள் ஓரிடத்திலும் அவர்கள் வாழ்வது வேறோரிடத்திலுமாக இருப்பது இயல்பு. இடப்பெயர்வின்போதும் 2004 ஆழிப்பேரலையின்போதும் பிறப்புச் சான்றிதழையே பறிகொடுத்தவர்களிடம் கிளினிக் கொப்பி எஞ்சியிருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கையில் இருக்கும் நோய் நிர்ணய அட்டையும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. பெரும்பாலும் அதன் உரிமையாளருக்கே விளங்காதது.

ஆகவே சுகாதார அமைச்சிடம் நாம் கேட்பது பெரும் செலவுள்ள இயந்திரமன்று. நோயின் பெயர், சத்திரசிகிச்சை விபரம், கதிர் பட்ட இடமும் அளவும், மருந்துகளின் பெயரும் மொத்த அளவும், இனிச் செய்யவேண்டிய பரிசோதனைகள் ஆகியவற்றைக் கொண்ட ஒரு தாள். அது வைத்தியருக்கு ஆங்கிலத்திலும், நோயாளிக்கு அவரது தாய்மொழியிலும் இருத்தல் வேண்டும். பல் வைத்தியர்கள் பல்லைப் பிடுங்குமுன் 'எப்போதாவது கதிர்ச் சிகிச்சை பெற்றீர்களா?' என்ற ஒரு கேள்வியைக் கேட்பதை வழமையாக்கிக்கொள்ளலாம்.

அத்தாள் கிடைக்கும் வரை வாசகர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் புற்றுநோயிலிருந்து மீண்ட ஒருவர் இருப்பாராயின், அடுத்த கிளினிக்கில் இவ்விபரங்களைக் கேட்டு எழுதி வாங்குங்கள். அதன் படத்தைக் கைத்தொலைபேசியிலும், பிரதியொன்றை இன்னொரு உறவினரின் வீட்டிலும் வைத்திருங்கள். வெற்றிலையையும் புகைத்தலையும் அவர் மீண்டும் தொடாதிருக்க உதவுங்கள். ஒருமுறை நோய் வந்த வாயில் இன்னொரு புற்றுநோய் தோன்றும் ஆபத்தை அவையே பெருக்குகின்றன.

தொடக்கத்தில் நாம் கண்ட மனிதரின் தாடையெலும்பு, மருத்துவம் தோற்றதனால் இறக்கவில்லை. மருத்துவம் வென்ற ஒருவர், தாம் எதனால் வென்றார் என்பதை அறியாதிருந்தமையால் இறந்தது. அந்த அறியாமையைப் போக்க ஒரு கேள்வியும் ஒரு தாளும் போதும்.